வீட்டுக்கு நர்ஸ் வந்தாரா? ஜிபிஎஸ் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு ஊர். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு ஆச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பி.பி.க்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். "அப்பத்தா, இந்த மாசம் மாத்திரை கொடுக்க வந்தாங்களா?" என்று பேரன் போனில் கேட்டால், "வந்தாக, வந்தாக" என்று பதில் வரும். எந்தத் தேதி வந்தார்கள், பி.பி. எவ்வளவு இருந்தது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பேரனுக்கு இருக்கும் இதே சந்தேகம்தான் அரசுக்கும் இருக்கிறது. சம்பளமும் மாத்திரையும் அனுப்பியாச்சு, அது ஆச்சி வீட்டு வாசல் வரை போச்சா? கையெழுத்து நோட்டை நம்பி ஓடிய காலம் போய், இப்போது உலகம் முழுக்க இதற்குச் சொல்லப்படும் பதில் ஒன்றே: லொகேஷன். பணியாளரின் கையில் இருக்கும் போன் எங்கே இருந்தது, எத்தனை மணிக்கு இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்த்துவிட்டால் கணக்கு முடிந்தது என்கிறார்கள்.

முடிந்ததா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இது ஏன் பெரிய கேள்வி?

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதுவரை நோயாளிதான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்தத் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள்; ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, வலி நிவாரண சிகிச்சை ஆகியவையும் வீட்டுக்கே வருகின்றன. 2022 டிசம்பரில் பயனாளிகள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டதாக அரசு அறிவித்தது. 2024-ல் ஐ.நா.வின் தொற்றா நோய்கள் தடுப்புக்கான விருதும் கிடைத்தது.

மற்ற திட்டங்களைப் போல இதில் ஒரு கட்டடமோ பாலமோ கண்ணுக்குத் தெரியாது. 'வருகை'தான் இங்கே பொருள். ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குப் போனார் என்பதே மொத்தத் திட்டமும். அதனால்தான் அதை எப்படி எண்ணுகிறோம் என்பது முக்கியமாகிவிடுகிறது. சிவகங்கை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்புப்படி சுமார் 13.4 லட்சம் பேர், பெரும்பாலோர் கிராமங்களில். சாக்கோட்டை, கல்லல், கண்ணங்குடி போன்ற ஒன்றியங்களில் ஒரு குக்கிராமத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கண்மாயும் கருவேலங்காடும்தான். அங்கே யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது.

போன் எப்படி 'நான் இங்கே இருக்கேன்' என்கிறது?

பூமியிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் 'இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்' என்ற தகவலை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், அவை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து போன் தன் இடத்தைக் கணக்குப் போடும். திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். சிக்னல் கிடைக்காத இடத்தில் வைஃபை, செல்போன் டவர் ஆகியவற்றை வைத்து ஊகிக்கும். நகரத்தில் அந்த ஊகம் பரவாயில்லை. டவர்கள் தூரம் தூரமாக இருக்கும் கிராமத்தில் அது கிலோமீட்டர் கணக்கில் தவறலாம்.

இதற்கு மேல் இரண்டு விஷயங்களைச் சேர்ப்பார்கள். ஒன்று, 'ஜியோஃபென்ஸ்': வீட்டையோ சுகாதார நிலையத்தையோ சுற்றி வரைபடத்தில் போடும் கண்ணுக்குத் தெரியாத வேலி. இன்னொன்று, தங்கிய நேரம். வேலிக்குள் போன் 15 நிமிடம் இருந்தால் வருகை, 30 விநாடி இருந்தால் சும்மா கடந்து போனது. இந்த 15 நிமிடத்தை முடிவு செய்வது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர்.

இப்போது இதைச் செட்டிநாட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பல வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. முகப்பில் நின்றால் ஒரு புள்ளி, கனமான சுவர்களைத் தாண்டி உள்ளே போனால் சிக்னல் மங்கி புள்ளி எங்கோ அலையும், வளவில் முற்றத்துக்குப் பக்கத்தில் வந்தால் வானம் தெரிவதால் மறுபடி சரியாகும். பின்கட்டில் ஆச்சி படுத்திருக்கிறார் என்றால், பணியாளரின் புள்ளி அடுத்த தெருக்காரர் வீட்டில் விழலாம். இதற்கு நேர்மாறாக, நெருக்கமாக ஓட்டு வீடுகள் இருக்கும் காலனியில் ஒரே இடத்தில் நின்றால் நாலு வீட்டின் வேலிக்குள்ளும் ஒரே நேரத்தில் இருக்கலாம். போகாத மூன்று வீடும் கணக்கில் சேரும்.

ஆம்புலன்ஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய 108 சேவையில் இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து, பக்கத்தில் இருப்பதை அனுப்ப ஜிபிஎஸ் உதவுகிறது. அங்கே 50 மீட்டர் தள்ளிக் காட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை, வண்டி வந்தால் போதும். ஒருவர் சம்பளத்தை அந்தப் புள்ளியை வைத்து முடிவு செய்யும்போதுதான் 50 மீட்டர் பெரிய தூரமாகிறது.

உதய்பூரில் நடந்தது

இந்த விஷயத்தில் இந்தியாவில் நடந்த ஒரு பரிசோதனையைப் பேசாமல் தாண்டிப் போக முடியாது. அது ஜிபிஎஸ் இல்லை, அதற்கு முந்தைய காலத்து டைம் ஸ்டாம்ப் மெஷின். ஆனால் கேள்வி அதேதான்.

ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் 2000-களின் தொடக்கத்தில் பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, ஆங்கஸ் டீட்டன், எஸ்தர் டுஃப்லோ ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். (மூன்று பேருமே பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர்கள்.) ஒரு வருஷம், வாரம் ஒருமுறை போய்ப் பார்த்ததில், துணை சுகாதார நிலையங்கள் வழக்கமான வேலை நேரத்திலேயே 56 சதவீதம் பூட்டிக் கிடந்தன. நர்ஸ் இருக்கிறாரா, களத்துக்குப் போயிருக்கிறாரா, வரவே இல்லையா என்று ஊர்க்காரர்களுக்கே தெரியவில்லை. தெரியாதபோது யார் அங்கே நடந்து போவார்கள்?

2006-ல் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனமும் மாவட்ட சுகாதாரத் துறையும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தன. நர்ஸ் கண்டிப்பாக நிலையத்தில் இருக்க வேண்டிய நாட்களில், காலை, மதியம், மாலை என மூன்று முறை தேதி, நேரம் பதியும் மெஷினில் முத்திரை வைக்க வேண்டும். வராத நாட்கள் பாதிக்கு மேல் போனால் சம்பளத்தில் கை வைப்பார்கள். முதல் ஆறு மாதம் பலன் அபாரம். கண்காணிப்பு இல்லாத நிலையங்களில் சுமார் 30 சதவீதமாக இருந்த வருகை, மெஷின் இருந்த இடங்களில் ஏறக்குறைய 60 சதவீதமானது.

பதினாறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை!

மெஷின் கெட்டுப்போனதா? சில இடங்களில் அதுவும் நடந்தது. ஆனால் பெரிய காரணம் வேறு. 'விலக்கு நாள்' என்று ஒரு கட்டம் படிவத்தில் இருந்தது. மீட்டிங், சர்வே, முகாம் என்று அனுமதியோடு வராமல் இருந்தால் அது ஆப்சென்ட் இல்லை. மேலதிகாரிகள் அந்த விலக்கைத் தாராளமாக வழங்கத் தொடங்கினார்கள். மெஷின் காட்டிய ஆப்சென்ட் குறைந்தது, நர்ஸும் வரவில்லை. 2008-ல் எஸ்தர் டுஃப்லோ, அபிஜித் பானர்ஜி, ரேச்சல் கிளென்னர்ஸ்டர் மூவரும் வெளியிட்ட அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: கிராம மக்களும் பெரிதாகக் குரல் கொடுக்கவில்லை. பூட்டிய கதவைப் பார்த்துப் பழகியவர்கள், தனியார் டாக்டரிடமோ நாட்டு வைத்தியரிடமோ போய்க்கொண்டிருந்தார்கள்.

மெஷினுக்குப் பதில் ஜிபிஎஸ் வைத்திருந்தால் மட்டும் அந்த விலக்கு நாள் கட்டம் மறைந்திருக்குமா?

போட்டோ எடுத்தால் வேலை நடந்ததாகுமா?

இதற்குப் பதில் தேடி ராஜஸ்தான் வரை போக வேண்டாம். 100 நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், இடக்குறியோடு ஒரு நாளில் இரண்டு முறை போட்டோ எடுத்து செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. கண்மாய் கரையில் வேலை பார்த்த பெண்கள், வேலை முடிந்தும் இரண்டாவது போட்டோவுக்காகக் காத்திருந்த கதைகள் நாடு முழுக்க வந்தன. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சித் துறையே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதில் இருந்த பட்டியல் சுவாரஸ்யமானது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள், நேரில் எடுக்காமல் இன்னொரு போட்டோவைப் பார்த்து எடுத்த போட்டோக்கள், வருகைப்பதிவுக்கும் படத்தில் இருக்கும் ஆட்களுக்கும் பொருந்தாத எண்ணிக்கை. இனி படங்களை மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்பதுதான் அதில் சொல்லப்பட்ட தீர்வு. மனிதரை நம்ப முடியாது என்று செயலி வந்தது. செயலியை நம்ப முடியாமல் மறுபடி மனிதர் வந்தார்.

சுகாதாரத் துறையில் எதிர்ப்பு கடுமையாக வந்தது ஹரியானாவில். 2021-ல் அங்கே ஆஷா பணியாளர்களுக்குக் கொடுத்த ஸ்மார்ட்போன்களில் 'எம்டிஎம் 360 ஷீல்ட்' என்ற செயலியை நிறுவச் சொன்னார்கள். போனை வெளியிலிருந்தே கட்டுப்படுத்தவும், அது இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளவும் வழிசெய்யும் செயலி அது. 'எங்களை வேவு பார்க்கிறீர்கள்' என்று பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் நிரந்தரச் சம்பளக்காரர்கள் இல்லை, ஊக்கத்தொகைக்கு வேலை செய்பவர்கள். ராத்திரி பிரசவ வலி வந்தாலும் ஓட வேண்டியவர்கள். முழுநேர ஊழியருக்கான சம்பளம் கிடையாது, கண்காணிப்பு மட்டும் 24 மணி நேரமுமா என்பது நியாயமான கேள்விதானே. இதில் பெரிய டாக்டர்களும் தப்பவில்லை என்பது உப தகவல்: மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு 2025 மே 1 முதல் முகத்தைக் காட்டி, ஜிபிஎஸ் இடத்தோடு சேர்த்து வருகைப்பதிவு செய்யும் முறையைத் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்தது.

அமெரிக்கா இதைச் சட்டமாகவே போட்டுவிட்டது. 2016-ல் வந்த 'கியூர்ஸ்' சட்டப்படி, அரசு காப்பீட்டில் வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பவர்கள் ஒவ்வொரு வருகையிலும் ஆறு விவரங்களை மின்னணு முறையில் பதிய வேண்டும்: என்ன சேவை, யாருக்கு, எந்தத் தேதி, எங்கே, யார் செய்தது, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது. நோக்கம், போகாமலே பில் போடுவதைத் தடுப்பது. சட்டம் ஜிபிஎஸ்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் பல மாநிலங்கள் அதையே எடுத்துக்கொண்டன. அதற்கு எதிராக முதலில் குரல் கொடுத்தவர்களில் மாற்றுத்திறனாளிகள் முக்கியமானவர்கள். பணியாளரோடு கடைக்கோ கோயிலுக்கோ போனால் சிஸ்டம் 'வீட்டில் இல்லை' என்று சிவப்புக் கொடி காட்டும். அதனால் வீட்டுக்காவல் மாதிரி ஆகிவிட்டது என்றார்கள். கண்காணித்தது பணியாளரை. மாட்டிக்கொண்டது நோயாளி.

மக்கள் எங்கே போகிறார்கள்?

இதுவரை பார்த்தது சேவை மக்களிடம் போவது. மறுபக்கம், மக்கள் சேவையைத் தேடிப் போவதையும் லொகேஷன் வைத்து அளக்கிறார்கள். இங்கேதான் இந்தத் தொழில்நுட்பத்தின் நிஜமான பலம் தெரிகிறது.

2020-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஒரு ஆய்வு, சாலை வரைபடம், நிலப்பரப்பு, மருத்துவமனைகள் இருக்கும் இடம் ஆகியவற்றைச் சேர்த்து உலகத்துக்கே ஒரு பயண நேர வரைபடம் போட்டது. வண்டி இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் மருத்துவமனையை எட்ட முடியாதவர்கள் 8.9 சதவீதம். வண்டி இல்லாமல் நடந்துதான் போக வேண்டும் என்றால் அது 43.3 சதவீதமாக, அதாவது 316 கோடிப் பேராக எகிறுகிறது. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதை விட, வண்டி இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

சிவகங்கை மாவட்டத்தில் இது இன்னும் தெளிவு. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் 3 கி.மீ. என்று வரும். நடுவில் கண்மாய் நிறைந்திருந்தால் கரையைச் சுற்றி 7 கி.மீ. ஆகலாம். கோடையில் குறுக்கே நடந்து போகிறவர் ஐப்பசியில் சுற்றிப் போக வேண்டும். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தை எந்த நேர்கோடும் சொல்லாது. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது, ஆஸ்பத்திரிக்கான தூரமும் சேர்ந்து குறைந்தது என்றே சொல்லலாம். மாவட்ட அளவில் போன்களின் நடமாட்டத்தை, பெயர் நீக்கி, மொத்தமாகப் பார்த்தால் இந்த மாதிரி மாற்றங்கள் தெரியும்: எந்தப் பகுதிக்காரர்கள் பக்கத்து நிலையத்தைத் தாண்டி நேராகக் காரைக்குடிக்கோ, அதையும் தாண்டி மதுரைக்கோ போகிறார்கள் என்று. அது ஒரு பணியாளரைப் பிடிக்க உதவாது. எங்கே டாக்டர் வேண்டும், எங்கே பஸ் வேண்டும் என்று சொல்லும்.

ஆனால் ஒரு ஓட்டை. கொரோனா காலத்தில் கூகுள் 2020 ஏப்ரலிலிருந்து 2022 அக்டோபர் வரை வெளியிட்ட நடமாட்ட அறிக்கைகளில், மளிகை-மருந்துக்கடை, பூங்கா, பேருந்து நிலையம், அலுவலகம் எல்லாம் இருந்தன. மருத்துவமனை என்று தனி வகை இல்லை. அதை விடப் பெரிய ஓட்டை போன் யாரிடம் இருக்கிறது என்பது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தாங்களே பயன்படுத்தும் மொபைல் வைத்திருக்கும் பெண்கள் இந்திய அளவில் 54 சதவீதம், தமிழ்நாட்டில் சுமார் நான்கில் மூன்று பங்கு. இதில் பட்டன் போனும் அடக்கம். ஆய்வில் 49 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் கணக்கிலேயே இல்லை. ஆஸ்பத்திரி அதிகம் தேவைப்படும் ஆச்சிகள்தான் இந்த வரைபடத்தில் இல்லாதவர்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், கூட்டிக்கொண்டு போகும் பக்கத்து வீட்டுப் பையனின் போன்தான் 'நோயாளி' ஆகும்.

'பெயரை எடுத்துட்டோம்' என்றால் போதுமா?

போதாது. 2013-ல் வந்த ஒரு ஆய்வு, 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் தரவை எடுத்துப் பார்த்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம். அது மேற்கு நாட்டுக் கணக்கு. இருநூறு வீடுள்ள ஊரில் நாலு புள்ளி எதற்கு? ராத்திரி எந்தத் தெருவில் போன் தூங்குகிறது, செவ்வாய்க்கிழமை எந்தச் சிகிச்சை மையத்தில் நிற்கிறது என்ற இரண்டே போதும். காசநோய், எச்ஐவி, மனநலம், கருக்கலைப்பு என எதற்காகப் போனார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்ற பயமே பலரைப் போகவிடாமல் செய்யும்.

வெறும் பயம் இல்லை இது. 2022 மே மாதம் அமெரிக்காவில், சேஃப்கிராஃப் என்ற நிறுவனம், கருக்கலைப்பு சேவை தரும் மையங்களுக்கு வந்துபோனவர்கள் பற்றிய ஒரு வாரத் தரவை 160 டாலர் சொச்சத்துக்கு விற்றது அம்பலமானது. செய்தி வந்த பிறகுதான் அந்த விற்பனை நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் ஒரு ஜாமீன் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் கூகுள் மேப்பில் தன் இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. ஜாமீனில் வந்தவருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டு; மாத்திரைப் பையோடு வெயிலில் நடக்கும் தன்னார்வலருக்கு? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே பெரிதாகக் கை கொடுக்காது. வேலை தொடர்பான சில நோக்கங்களுக்கும், அரசு தரும் பலன்கள், சேவைகளுக்கும் சம்மதம் கேட்காமலே தரவைக் கையாள அதில் இடம் இருக்கிறது. உடல்நலத் தகவலுக்கு என்று தனிப் பாதுகாப்பு வகையும் அதில் இல்லை.

அப்போ எதை எண்ணுவது?

புள்ளியை எண்ணாமல் பி.பி.யை எண்ணலாம். தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களில் அது கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரை நோயில் 10.8 சதவீதம். 2023-24-ல் மறுபடி எடுத்தபோது இரண்டுமே 17 சதவீதத்தை ஒட்டி வந்திருந்தன. ஏற்றம்தான், மறுக்க முடியாது. ஆனாலும் ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை. பயனாளிகள் எண்ணிக்கை கோடிகளில் ஓடும்போது இந்த எண்ணிக்கை மெதுவாகத்தான் நகர்கிறது. இப்படி மாதிரி எடுத்து நேரில் அளக்கும் ஆய்வுக்கு யாருடைய போனையும் பின்தொடர வேண்டியதில்லை.

லொகேஷனைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், அமெரிக்க விதிகளே ஒரு வழி காட்டுகின்றன: வருகை தொடங்கும்போது ஒரு புள்ளி, முடியும்போது ஒரு புள்ளி, நடுவில் தொடர்ந்து பின்தொடரத் தேவையில்லை. டூட்டி முடிந்தால் செயலியும் தூங்கட்டும். அந்தத் தரவைப் பணியாளரும் பார்க்க முடிந்தால், 'இந்தத் தேதியில் மழை, கண்மாய் வழி அடைத்திருந்தது' என்று அவரே விளக்கம் எழுத முடியும்.

அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள் என்று அவர்களின் போனில் லொகேஷன் ஷேரிங்கை ஆன் செய்துவைத்திருக்கும் பேரன், பேத்திகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த நீலப் புள்ளி பெரும்பாலும் போன் சார்ஜ் போட்டிருக்கும் இடத்தைத்தான் காட்டும். அடுத்த முறை வீடியோ காலில் பேசும்போது மாத்திரை அட்டையைக் கேமரா முன்னால் பிடிக்கச் சொல்லி, எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்படியே, கடைசியாகப் பார்த்த பி.பி. எவ்வளவு என்று எழுதிவைத்த சீட்டு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.